மழைக்கு முன் ஒரு சர்வீஸ்

எங்கள் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் வருடாந்திர சர்வீஸை மே மாதக் கடைசியில் முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. பொள்ளாச்சியில் தூறலாக இருப்பது ஆழியாறு தாண்டினால் அடைமழை ஆகிவிடும். வால்பாறையைச் சொல்லவே வேண்டாம், பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அந்த மழையில் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கப் போகிற வண்டியை, மழை வருவதற்கு முன்பே அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிடுவதுதான் முறை. பள்ளி திறப்பதற்கு முன்னால் வேலை முடிந்துவிடும் என்பது எனக்குக் கூடுதல் வசதி.

அப்பா வால்பாறையில் இருக்கிறார். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கீழே வந்து எங்களோடு இருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டாலும், "பொள்ளாச்சி வெயிலுக்கு நான் எங்கம்மா வர்றது" என்று ஒரே பதில்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் போகிறேன். 2018 மாடல் வேகன்ஆர், 998 சிசி பெட்ரோல். வார நாட்களில் வீட்டுக்கும் பள்ளிக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம். விடுமுறை நாளில் மலை. இந்த இரண்டுமே வண்டியைச் சோதிக்கிற ஓட்டங்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்கிற வாக்கியம், "வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல, இதுக்கு எதுக்கு சர்வீஸ்?" மேனுவலைத் திறந்து பாருங்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். அந்த 'ஒரு வருடம்' சும்மா போடப்பட்டதல்ல. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்கு வந்து சேரும். எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நிறுத்துகிற வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதற்குள் பள்ளி கேட் வந்துவிடுகிறது. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கின்றன. ஓடாத வண்டிக்கும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டியது இதனால்தான்.

நான் போவது உடுமலை ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஷெட். கம்பெனி சர்வீஸ் நல்லதா, வெளி மெக்கானிக் நல்லவரா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. வாரண்டி இருக்கிற வரைக்கும் கம்பெனியில் விடுவது சரி. அதற்கப்புறம் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். கழற்றிய பழைய பொருளை என் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணன் இதற்கு முகம் சுளிக்காதவர். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உட்காருங்க டீச்சர், ஒவ்வொண்ணா காட்டறேன்" என்பார்.

ஆயில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வண்டியை ஓட்டிக்கொண்டு போன சூட்டோடு டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். விலை அற்பம், ஆனால் பழையதையே போட்டு முறுக்கினால் கசிய வாய்ப்பிருக்கிறது. ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவிவிட்டுக் கையாலேயே இறுக்குகிறார். ஆயில் கிரேடு எது என்று மேனுவலில் இருக்கிறது. கடைக்காரர் சொல்வதற்காகக் கெட்டியான ஆயிலுக்குப் போகத் தேவையில்லை. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். செயினுக்கும் உயிர் ஆயிலில்தான் இருக்கிறது.

எனக்கு முக்கியம் பிரேக். வருடாந்திர சர்வீஸில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால், பிரேக்கைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அதிலும் யாரும் கண்டுகொள்ளாத பிரேக் ஆயிலை.

நான் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் கரைசல்கள் பாடத்தில் ஈரம் உறிஞ்சும் சேர்மங்கள் என்று ஒரு பகுதி வரும். அதை நடத்தும்போதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லாத இந்த உதாரணத்தையும் சேர்த்துச் சொல்வேன். நம் கார்களில் ஊற்றும் பிரேக் ஆயில் கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்றாலும் ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகிறது. டாட் 3 தரத்தில் வரும் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரிக்கு மேல் உத்தரவாதமில்லை. டாட் 4 என்றால் 230-லிருந்து 155. சிறிதளவு தண்ணீர் 65, 75 டிகிரியைக் காணாமல் அடித்துவிடுகிறது.

சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். அட்டகட்டியிலிருந்து ஆழியாறுக்கு இறங்கிப் பாருங்கள். கியரை மூன்றிலோ நான்கிலோ போட்டுக்கொண்டு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறவர்களின் வண்டியில், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் கொதிக்கிறது. அந்தச் சூடு டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் வழியாக, பேடை அழுத்துகிற கேலிப்பருக்கும் அங்கிருந்து ஆயிலுக்கும் போகிறது. ஈரம் சேர்ந்த ஆயில் அந்தச் சூட்டில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. இதில் கொடுமை என்னவென்றால், அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக் வந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஞாயிறு மாலைகளில் ஆழியாறு அடிவாரத்தில் ஜன்னலைத் திறந்தால் பேட் கருகிய வாடை வருகிறது. இறங்கி வரும் டூரிஸ்ட் வண்டிகளின் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த காலத்திலேயே சொன்னார். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் தொட்டு விட்டால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் அணைந்தால், மிதியை லேசாக்குகிற பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, ஷெட்டுக்கு வருவோம். பிரேக் ஆயில் மாற்றுவதை இரண்டு பேர் செய்ய வேண்டும். ஷெட்டுப் பையன் ஸ்பேர்ஸ் கடைக்குப் போயிருந்ததால் பெடல் மிதிக்கிற வேலை எனக்கு வந்தது. அண்ணன் முதலில் பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவில் இருந்த பழைய ஆயிலைச் சிரிஞ்ச் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயிலை நிரப்பினார். எந்தத் தரம் ஊற்ற வேண்டும் என்று டப்பா மூடியிலேயே அச்சடித்திருக்கும். அப்புறம், பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார். நம் ஊர் வண்டிகளில் அது இடது பின் சக்கரம். ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு டியூபை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார்.

"மிதிங்க டீச்சர். இன்னொருக்கா. இன்னொருக்கா. அப்படியே புடிச்சுக்குங்க, விட்றாதீங்க."

கீழே ஸ்பேனர் கால் சுற்று திரும்பும். காலுக்கு அடியில் பெடல் மெல்ல இறங்கித் தரையைத் தொடும். "இப்பவும் விட்றாதீங்க" என்பார். நிப்பிளை மூடிய பிறகுதான் "ம், விடுங்க". மூடுவதற்கு முன் காலை எடுத்தால் டியூப் வழியாகக் காற்று உள்ளே ஏறிவிடும். நடு நடுவே அவரே எழுந்து போய் டப்பாவில் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். டப்பா காலியானாலும் காற்று புகுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். பெடலில் உட்கார்ந்திருந்த எனக்கு டியூப் தெரியவில்லை. நாலு சக்கரமும் முடிந்து பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். பழைய ஆயில் அப்பா போடுகிற டிகாஷன் நிறத்தில் இருந்தது. கடைசியில் வந்தது லேசான மஞ்சளில், அடி தெரிகிற மாதிரி தெளிவாக. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் ஆயில்தான் அது. மாற்றாமலே விடுகிற வண்டிகளில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயின்டில் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உரித்துவிடும். அண்ணன் ஃபெண்டர் மேல் ஈரத் துணியை விரித்துத்தான் வேலையைத் தொடங்குவார். புது ஆயில் பாட்டிலில் மிச்சம் இருந்ததை எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை. திறந்த பாட்டில் அலமாரியிலேயே ஈரத்தை இழுக்கும் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் இல்லாமல் தெரிந்து வைத்திருக்கிறார். புது சீல் பாட்டிலை என் கண் முன்னால்தான் உடைத்தார்.

பேட்களைக் கழற்றியபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. இடது முன் சக்கரத்தில் வெளிப்பக்கப் பேட் நன்றாக இருந்தது. உள்பக்கப் பேட் அதில் பாதிதான். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து, "வித்தியாசம் பாருங்க" என்றார். கேலிப்பர் நகர்வதற்காக இரண்டு வழுக்குப் பின்கள் இருக்கும். மழையிலும் சேற்றிலும் ஓடி அதில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. பின் நகராவிட்டால் கேலிப்பர் ஒரு பக்கமாகவே அழுத்தும், ஒரு பேட் மட்டும் தேயும், பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். பின்னை வெளியே எடுத்து உப்புத்தாளால் தேய்த்து, அதற்கென்றே வரும் கிரீஸைத் தடவி, கிழிந்திருந்த ரப்பர் பூட்டையும் மாற்றினார். சாதாரண கிரீஸ் போட்டால் சூட்டில் ஒழுகிவிடும், ரப்பரையும் ஊதவைத்துவிடும். பேட்களை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் புதிது போடக்கூடாது, முன் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் போட்டார். வெளியிலிருந்து அலாய் வீல் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்து "பேட் இருக்குங்க" என்று சொல்லும் சர்வீஸில் இந்த உள்பக்கப் பேட் கண்ணில் பட வாய்ப்பே இல்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

பின்னால் டிரம். அதைத் திறந்தால் கறுப்புத் தூள் கொட்டும். பல இடங்களில் காற்று அடித்து ஊதிவிடுவார்கள், ஷெட்டில் நிற்கிற எல்லோரும் அதை மூச்சில் இழுக்க வேண்டியதுதான். அண்ணன் தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைக்கிறார். ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரில் கசிவு இல்லை, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் அந்த ஷூ போதுமான அளவு இருக்கிறது, ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கியாயிற்று. பனிமூட்டத்தில் சரிவில் நிறுத்தி, பின்னால் இன்னொரு வண்டி நிற்க, மறுபடி முன்னே எடுப்பவர்களுக்கு ஹேண்ட் பிரேக்கின் அருமை தெரியும்.

டயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டயர் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். ஓரத்தில் டிடபிள்யூஐ என்ற எழுத்தோ முக்கோணமோ அதைக் காட்டும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டு மட்டத்துக்குத் தேய்ந்தால் முடிந்தது கதை, சட்டப்படியும் ஓட்டக்கூடாது. மலைக்கு நான் அதுவரைக்கும் காத்திருப்பதில்லை. ஈர ரோட்டில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2223 என்றால் 2023-ஆம் வருடத்தின் 22-ஆவது வாரத்தில் செய்தது. ரொட்டேஷன், அலைன்மென்ட், பேலன்சிங் மூன்றும் செய்தோம். ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் காற்று பார்க்கச் சொல்லுங்கள். மலையில் பஞ்சரானால் சிங்கவால் குரங்குகள்தான் வந்து வேடிக்கை பார்க்கும்.

வைப்பர் இரண்டும் புதிது. வைப்பருக்குக் கீழே இருக்கிற தட்டில் இலை அடைந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் காருக்குள் இறங்கும், அதைச் சுத்தம் செய்தோம். கூலண்ட் அளவு சரியாக இருந்தது. குறைந்திருந்தாலும் குழாய்த் தண்ணீரை ஊற்றவிடாதீர்கள், உள்ளே துருப் பிடிக்கும், உப்புப் படியும். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாசலின் தடவியாயிற்று. எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது 14-க்குப் பக்கம். மூடுபனியில் விளக்கு, வைப்பர், டிஃபாகர் மூன்றும் ஒன்றாக ஓடும்போது இந்த எண்கள் முக்கியம்.

சர்வீஸ் பில்களில் ஏறும் மற்ற சங்கதிகளைப் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், எஞ்சின் ரூம் கோட்டிங், பாலிஷ். உறவுக்காரர்கள் கொண்டுவந்து காட்டிய சில பில்களில் பிரேக் ஆயில் ஒரு வரியாகக்கூட இல்லை, இவையெல்லாம் வரிசையாக இருந்தன. என் அபிப்பிராயம் இதுதான்: மேனுவலின் அட்டவணையில் இல்லாத எதையும், வண்டியில் தொந்தரவு எதுவும் இல்லாதபோது, செய்ய வேண்டாம். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்து வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண்கள் தனியாகப் போனால் இந்த வரிகள் இன்னும் நீளுகின்றன என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு, என் தோழிகளும் அதையே சொல்கிறார்கள். மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், பேச்சே மாறிவிடும்.

எனக்கு இந்த முறை பேட், ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், வைப்பர், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியதில் பேட் விலையும் இறங்கியிருக்கிறது. பழைய ரேட்டையே யாராவது சொன்னால் பில்லைக் கேளுங்கள். வரும் வழியில் புகைச் சான்றிதழையும் புதுப்பித்துவிட்டேன். அதுவும் வருடத்துக்கு ஒருமுறை, இல்லாமல் மாட்டினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்.

புது பேட் போட்டவுடனே மலையேறக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். காலி ரோட்டில் 50-லிருந்து 10-க்கு நிதானமாக இறக்கி, ஆறவிட்டு, மறுபடி இறக்கி, இப்படிச் சில தடவை. அதை ஆனைமலை ரோட்டில் அதிகாலையில் செய்து முடித்தேன். பெடல் மேலேயே பிடிக்கிறது, வண்டி நேராக நிற்கிறது.

எங்கள் பள்ளித் தமிழாசிரியை வாங்கி ஆறு வருடம் ஆன வண்டியில் ஒருமுறைகூட பிரேக் ஆயில் மாற்றியதில்லை என்று நேற்றுப் பேச்சுவாக்கில் சொன்னார். அடுத்த மாதம் குடும்பத்தோடு டாப்ஸ்லிப் போகிறார்களாம். சனிக்கிழமை காலை அந்த வண்டியை அண்ணனிடம் விடச் சொல்லி நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெடல் மிதிக்க நானும் போகிறேன்.